மனு எண் 1187

ஜனவரி 11, ஞாயிறு

பிஸ்மில்லாஹ்.

சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு முன்னறையில் இருந்தவர்கள் மூன்று பேர். ஒன்று, மச்சான், அதாவது என் வீட்டுக்காரர் செய்யது மசூது, வயது ஐம்பத்தெட்டு, கட்டிலில் சாய்ந்திருந்தார். இரண்டு, அவருடைய அக்கா மைமூன் மதினி, ஜன்னலோரம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மூன்று, நான், ஹலீமா. வேறு ஒருவரும் இல்லை. டிவி ஓடவில்லை. இப்படிச் சாட்சிப் பத்திரம் மாதிரி எழுதி வைப்பது, பின்னால் யாரும் பேச்சை மாற்றக்கூடாது என்பதற்காக.

மச்சான் சொன்னது: "இந்த வருசம் நான் நோன்பு வைக்கப் போறேன்."

நான் சொன்னது: "டாக்டர் கூடவே கூடாதுன்னு சொல்லியிருக்காரு. போன வருசம் பதினோராம் நோன்பு ஞாபகம் இருக்கா?"

"அன்னைக்கும் போன்ல தண்ணி ஆப்பு பச்சைதான் காட்டுச்சு. நான் அளவு மீறல."

"அந்த ஆப்பு தப்பு மச்சான். நான் திருத்தி என் லேப்டாப்புல வச்சிருக்கேன். போன வருசக் கணக்கைப் போட்டுப் பாருங்க, ரத்தமா செவக்கும்."

"நீ திருத்துனா நீ நெனச்ச கலருதானே காட்டும்?" என்றார். மதினி சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு மச்சானே சொன்னார். இந்த வரியைத்தான் பத்திரப்படுத்த வேண்டும்: "அந்த ஆப்பை நடத்துற ஆளுவோ ரெண்டு பேரு பாத்து, இது சரின்னு சொல்லி உள்ள சேக்கட்டும். ரெண்டு சாட்சி. அதுக்கப்புறமும் செவப்பு காட்டுனா, நான் நோன்பை விட்டுடுதேன். நோன்புக்குப் பதிலா ஏழைக்குச் சாப்பாடு குடுத்துருவோம்."

மதினி கீரையிலிருந்து தலையைத் தூக்காமலே, "நான் கேட்டுக்கிட்டேன்" என்றார்.

ரமலான் பிறைக்கு இன்னும் முப்பத்தெட்டு நாள்.

ஜனவரி 12, திங்கள்

காலை எடை 64.2. நேற்றுக் குடித்தது, எழுதிய கணக்குப்படி, 790 மில்லி. டாக்டர் விதித்தது நாளைக்கு 800, டீ, ரசம் எல்லாம் சேர்த்து. மச்சானுக்குச் சிறுநீர் நின்று நான்கு வருடம் ஆகிறது. உள்ளே போன தண்ணீர், டயாலிசிஸ் மிஷின் எடுக்கிற வரைக்கும் உள்ளேயே நிற்கும். செவ்வாய், வியாழன், சனி மிஷின்.

பிழை இதுதான். குடிப்பதை எழுதிவந்தால் அளவுக்குள் பச்சை, மீறினால் சிவப்பு காட்டுகிற அந்த ஆப்புக்கு நாள் என்பது நடுநிசி பன்னிரண்டு மணிக்குத் தொடங்குகிறது. நோன்பாளிக்கு அப்படி இல்லை. பொழுது சாய்ந்து மக்ரிபுக்கு நோன்பு திறந்து, விடியுமுன் சாப்பிடுகிற சஹர் முடிகிற வரை உள்ளதுதான் அவருக்குக் குடிக்கிற நேரம். போன வருடம் பதினோராம் நோன்பு: அன்று சஹரில் தூங்கிவிட்டார், ஒன்றும் குடிக்கவில்லை. திறந்ததிலிருந்து பன்னிரண்டு மணி வரை 750. பச்சை. பன்னிரண்டிலிருந்து சஹர் வரை 700. அது மறுநாள் கணக்கு, அதுவும் பச்சை. ஒரே ராத்திரியில் 1450 போன உடம்புக்குப் பன்னிரண்டு மணி அடித்தது தெரியுமா? விடிந்தபோது படுக்க முடியவில்லை, மூச்சு இழுத்தது. ஆட்டோவில் என் தோளில்தான் சாய்ந்து வந்தார். அதற்கு மேல் அன்றைய நாளைப் பற்றி எழுத வேண்டியதில்லை.

நோன்புக் கஞ்சி இரண்டு கிண்ணம். அதை மச்சான் எழுதவே இல்லை. "கஞ்சி சாப்பாடுல்லா" என்றார்.

மதியம் ரேஷன் கடை. பருப்பு வரவில்லை.

ஜனவரி 13, செவ்வாய்

மச்சானை உள்ளே கூட்டிப் போனால் நான்கு மணி நேரம். காத்திருக்கிற அறையில் அந்த நான்கு மணி நேரம்தான் எனக்குப் பள்ளிக்கூடம். மகள் ஷமீமா ஷார்ஜா போகும்போது விட்டுப்போன லேப்டாப், யூடியூப் பாடம், ஒரு நாற்பது பக்க நோட்டு. மூன்று வருடம் இப்படிப் போயிருக்கிறது. கற்றுக்கொடுத்தவன் அல்லாஹ்.

தண்ணி ஆப்பு யாருக்கும் சொந்தமில்லாதது. அதன் நிரல் முழுக்க ஊருக்கே திறந்து கிடக்கிறது. யாரும் திருத்தலாம், ஆனால் நேரே கை வைக்க முடியாது. 'இன்னதைத் திருத்தியிருக்கிறேன், பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று மனுப் போட வேண்டும். புல் ரிக்வெஸ்ட் என்பார்கள். அதை நடத்துகிறவர்களில் இரண்டு பேர் படித்துப் பார்த்து ஒப்பினால்தான் உள்ளே போகும். மச்சானுக்கு இந்த விதி தெரியாது. அவர் தற்செயலாகத்தான் இரண்டு என்றார். எனக்குப் புல்லரித்தது.

என் திருத்தம்: நாள் எத்தனை மணிக்குத் தொடங்க வேண்டும் என்பதைக் குடிக்கிறவரே வைத்துக்கொள்ளலாம். கூடவே பானங்கள் பட்டியலில் நோன்புக் கஞ்சி. பிஸ்மி சொல்லி அழுத்தினேன். மனு எண் 1187.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, பதில்! 'உங்கள் முதல் பங்களிப்புக்கு நன்றி, உங்களை வரவேற்கிறோம்.' கண் கலங்கிவிட்டது. நன்றி சொல்லி, அவர் குடும்பத்துக்கு அல்லாஹ் பரக்கத் செய்யட்டும் என்று நாலு வரி ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினேன். அப்புறம்தான் பார்க்கிறேன், பெயர் பக்கத்தில் சின்னதாக 'பாட்' என்று போட்டிருக்கிறது. தானாகப் பதில் போடுகிற நிரல்.

மதினியிடம் சொல்லியிருக்கக் கூடாது. "மிசினுக்கு துஆ செஞ்ச மொதோ ஆளு நீதாம்ளா" என்று அடுத்த வீட்டுச் சுவர் வழியாக வேறு சொல்லிவிட்டார்.

ஜனவரி 14, புதன்

எட்டு தடவை பார்த்தேன். ஒன்றும் இல்லை.

ஜனவரி 15, வியாழன்

பதினான்கு தடவை. மச்சான் எடை, மிஷினுக்கு முன் 2.3 கிலோ கூடுதல். எழுதிய கணக்கோடு பார்த்தால் ஒன்றேமுக்கால்தான் வர வேண்டும். நம் வீட்டுத் தராசு பழசு.

ஜனவரி 17, சனி

மனிதர் பதில் போட்டுவிட்டார். டோமாஷ் என்று பெயர், போலந்து நாடு. 'ஹலோ ஹலீமா' என்று தொடங்கியிருந்தார். முன்பின் தெரியாத ஆண்பிள்ளை பெயரை மட்டும் சொல்லிக் கூப்பிட்டது ஒரு மாதிரி இருந்தது. அங்கே எல்லோரும் அப்படித்தானாம்.

அவர் எழுதியதன் சாரம்: 'நல்ல கண்டுபிடிப்பு. இரவு வேலை பார்க்கிறவர்களுக்கும் இந்தப் பிழை இருந்திருக்கிறது, நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. ஆனால் ஒரு மனுவில் ஒரு மாற்றம்தான் இருக்க வேண்டும். கஞ்சியைத் தனி மனுவாகப் போடுங்கள். அதற்கு அளவு எங்கிருந்து எடுத்தீர்கள் என்றும் காட்ட வேண்டும்.'

'நல்ல கண்டுபிடிப்பு' என்பதை மச்சானுக்கு வாசித்துக் காட்டினேன். மதினிக்கும். இதில் எனக்குப் பெருமை ஒன்றும் கிடையாது, ஷமீமாவுக்கும் அனுப்பினேன், தகவலுக்காக.

ஜனவரி 18, ஞாயிறு

கஞ்சியைப் பிரித்து எடுத்துவிட்டேன். சமையலில் உப்பைப் பிரிக்கிற மாதிரி இருந்தது. போடும்போது தெரியவில்லை, எடுக்கும்போதுதான் எங்கெங்கே கலந்திருக்கிறது என்று தெரிகிறது. அளவுக்கு எங்கே போவேன்? என் அடுப்படியில்தான் அளந்தேன். அடுப்படியை அத்தாட்சியாக ஒப்புவார்களா? கஞ்சி நிற்கட்டும். நாள்தான் முதலில்.

துணி ஊறப்போட்டதை மறந்துவிட்டேன்.

ஜனவரி 22, வியாழன்

டோமாஷ் கேட்கிறார்: 'ஒருவர் நடுவழியில் நாளின் தொடக்கத்தை மாற்றினால், அன்று மாலை குடித்தது பழைய நாளிலும் விழுகிறது, புதிய நாளிலும் விழுகிறது. சோதித்துப் பார்த்தீர்களா?'

பார்க்கவில்லை.

முதல் நோன்பன்று எல்லோரும் அதைத்தானே செய்வார்கள்? அன்றைக்கே இரட்டைக் கணக்கு! மச்சான் கையில் கிடைத்திருந்தால், "பாத்தியா, ஒன் ஆப்பு பொய் சொல்லுது" என்று முடித்திருப்பார். முதலில் கோபமாக வந்தது, முகம் தெரியாத மனிதர் மேல். மக்ரிப் தொழுது எழுந்தபோது கோபம் இல்லை. நான் அனுப்பியதை ஒருவர் வரிவரியாக உட்கார்ந்து வாசித்திருக்கிறார். என் எழுத்தை அப்படி யாரும் வாசித்ததில்லை.

ஜனவரி 24, சனி

திருத்தி அனுப்பினேன். மனு போனதும் அவர்கள் கம்ப்யூட்டர் தானாகச் செய்கிற சோதனையில் சிவப்புக் குறுக்குக் கோடு, ஏழு இடத்தில். என் லேப்டாப்பில் எல்லாம் தேறுகிறது. அங்கே தேறவில்லை.

மச்சான் தொழுகைக்கு முன் வாய், முகம், கைகால் கழுவி ஒளுச் செய்ய வழக்கத்தைவிட நேரம் எடுக்கிறார். குளிர் காலம்.

ஜனவரி 25, ஞாயிறு

சிஸ்டர் கொடுத்த ரத்தப் பரிசோதனைச் சீட்டைத் தேடும்போதுதான் பொறி தட்டியது. அதில் நேரம் அச்சாகியிருந்தது. சோதனை செய்கிற கம்ப்யூட்டர் நம் ஊர் நேரத்தில் இல்லையே! ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. நான் மேலப்பாளையத்து ஆறரையை உலகத்துக்கே ஆறரையாக எழுதி வைத்திருக்கிறேன். எந்த ஊர் ஆறரை என்று சேர்த்து எழுதினேன். இருபது நிமிட வேலை.

எல்லாம் பச்சை டிக். அல்ஹம்துலில்லாஹ். இனி டோமாஷ் பார்ப்பார். நான் காத்திருக்க வேண்டியதுதான்.

ஜனவரி 27, செவ்வாய்

பதில் இல்லை. 2.9 கிலோ கூடுதல். மிஷின் பார்க்கிற எஸ்தர் சிஸ்டர் மச்சானை ஒரு பார்வை பார்த்தார். மச்சான் மின்விசிறியைப் பார்த்தார்.

ஜனவரி 29, வியாழன்

இல்லை. பத்தொன்பது தடவை.

ஜனவரி 31, சனி

இல்லை. மறுபடி எழுதிக் கேட்கலாமா என்று கை வந்தது. அடக்கிக்கொண்டேன். டயாலிசிஸ் சென்டரில் டோக்கன் வாங்கிவிட்டு இரண்டாம் முறை கேட்டால் என்ன பேச்சுக் கிடைக்கும் என்று எனக்குத் தெரியாதா? அவர் சம்பளம் வாங்காமல் செய்கிற மனிதர். பிள்ளைகுட்டி இருக்கும். பச்சை டிக் கண்ணுக்குத் தெரியத்தானே செய்யும்.

பிப்ரவரி 3, செவ்வாய்

இன்று பராஅத் இரவு. குர்ஆனின் யாஸீன் அத்தியாயத்தை மூன்று தடவை ஓத வேண்டும். இரண்டாவது யாஸீனில், நீண்ட ஆயுளுக்காக ஓதும்போது, போனை எடுத்துப் பார்த்துவிட்டேன். தவ்பா. முதலிலிருந்து மறுபடி ஓதினேன்.

3.1 கிலோ. மிஷின் நேரத்தை அரை மணி கூட்டினார்கள். தராசு புதிது வாங்கிவிட்டோம். அதுவும் இதையே காட்டுகிறது.

பிப்ரவரி 7, சனி

மதினி வந்தார். "என்னளா, ஒன் போலந்துக்காரரு மூச்சே காணும்? ஏமாத்திட்டாரா?"

"அவருக்கு வேலை இருக்கும் மதினி."

"நீ முடிச்சுட்டேன்னு அவருக்குத் தெரியுமா?"

"பச்சை டிக் வந்திருக்கே."

"அது ஒனக்கு வந்திருக்கு. அவருக்கு வந்துச்சா?"

"அவரு பாப்பாரு."

"ஏன் பாக்கணும்? நான் தையக்காரிட்ட ரவிக்கை குடுத்தா, தச்சு முடிச்சேன்னு அவதான் சொல்லி அனுப்பணும். நான் தெனம் போயி எட்டிப் பாப்பேனாக்கும்? அவரு ஒன்னைய என்ன நெனச்சிருப்பாரு? கேட்டதைச் செய்யாம ஓடிட்டான்னுதான்."

லேப்டாப்பைத் திறந்தேன். மதினி இருக்கும்போதே ஆப்பை நடத்துகிறவர்களுடைய வழிகாட்டிப் பக்கத்தை மறுபடி வாசித்தேன். இருக்கிறது. தெளிவாகவே இருக்கிறது. சொன்ன திருத்தத்தைச் செய்து முடித்ததும், பார்த்தவர் பெயருக்குப் பக்கத்தில் உள்ள வட்ட அம்பை அழுத்தி, மறுபடி பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். அதுவரை மனு என் கையில் இருப்பதாகத்தான் கணக்கு.

அந்த அம்பை நான் முன்பே பார்த்திருக்கிறேன். அவசரப்படுத்துகிற மணி என்று நினைத்துத் தொடாமல் இருந்தேன். பதின்மூன்று நாள் மரியாதையாக உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பக்கம் அவரும் உட்கார்ந்திருக்கிறார்.

"அழுத்து" என்றார் மதினி.

அழுத்தினேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

நாற்பது நிமிடத்தில் பதில் வந்திருக்கிறது. நான் விடிகாலை சுபுஹுக்குப் பிறகுதான் பார்த்தேன். 'உங்களுக்காகத்தான் காத்திருந்தேன்! வேலை அதிகமாகி மனுவைக் கைவிட்டுவிட்டீர்கள் என்று நினைத்தேன். நேர மண்டலத்தைச் சரியாகப் பிடித்துவிட்டீர்கள்.' ஒப்புதல். ஒரு சாட்சி.

இரண்டாவது ஒப்புதல் ரூத் என்பவர் தர வேண்டும். கென்யாவில் டயாலிசிஸ் நர்ஸாம். குடிக்கிற அளவைத் தொடுகிற மாற்றம் எதுவானாலும் அவர் பார்க்காமல் போகாது. புதிய பதிப்பு பதினெட்டாம் தேதி புதன்கிழமை வெளியாகிறது. அதில் விட்டால் அடுத்தது ஈத் கழித்துத்தான்.

மச்சானிடம் சொன்னேன். "ஒண்ணுதானே ஆச்சு" என்றார். ஆனாலும் போனை வாங்கி, அந்த ஆங்கிலத்தை ஒரு தடவை தானே வாசித்தார்.

பிப்ரவரி 10, செவ்வாய்

ரூத்துக்கு வட்ட அம்பு அழுத்தியிருக்கிறேன். பதில் இல்லை. 3.2 கிலோ.

பிப்ரவரி 12, வியாழன்

மதியம் லுஹருக்கு மச்சான் ஒளுச் செய்யப் போனார். நான் துண்டு கொடுக்கப் போனேன். கதவு சாத்தியிருக்கவில்லை.

வாய் கொப்பளிக்கத் தண்ணீரை மூன்று தடவை எடுத்தார். ஒரு தடவைதான் துப்பினார்.

துண்டைக் கொடியில் போட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். அரிசி களைந்தேன். கல் இல்லாத அரிசியை இரண்டு தரம் களைந்தேன். இதை நான் இன்றுதான் பார்த்தேன் என்று எழுதினால் அது பொய். தராசைக் குறை சொல்லி எழுதியதும் பொய். நோட்டில் பொய் எழுதக் கூடாது.

தொழுதுவிட்டு வந்து அவரே பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பாத்துட்டே."

"ம்."

"நாளைக்கு அஞ்சு ஒளு. ரெண்டு ரெண்டு மடக்கு. தானா உள்ள போவல ஹலீமா, நான்தான் விடுதேன். நாக்கு தோலு மாதிரி காஞ்சு கெடக்கு. நீ எழுதி வைக்கிற நோட்டைப் பாத்தா வெக்கமாத்தான் இருக்கு."

கையில் இருந்த அரிசிச் சட்டியைக் கீழே வைத்தேன்.

"நோன்பு ஏன் கேக்கேன்னு நெனச்சே? பள்ளிவாசல்ல நாலு பேரு பாக்கணும்னா? நோன்பு வச்சா வாயில ஊத்துன தண்ணியில ஒரு சொட்டு உள்ள போவாது. அல்லாவுக்குப் பயந்து நிப்பேன். டாக்டருக்கும் பயப்படல, ஒனக்கும் பயப்படல. அது ஒண்ணுதான் எனக்குக் கடிவாளம்."

நான்கு வருடமாக இவருக்கு டம்ளர் டம்ளராக அளந்து கொடுக்கிறேன். நோன்பை அவர் கடிவாளமாகக் கேட்கிறார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நான் கேட்டேன். "பகல்ல சரி மச்சான். மக்ரிபுக்கு அப்புறம்?"

எழுந்து போய்க் கட்டிலில் உட்கார்ந்தார்.

"மக்ரிபுக்கு அப்புறம் எதுக்குப் பயப்படுவீங்க?"

கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். கால் வீங்கியிருந்தது. விரலால் அழுத்தினேன், குழி அப்படியே நின்றது.

"ரெண்டாவது ஆளு சொல்லட்டும்" என்றார். "நான் சொன்ன சொல்லு சொல்லுதான்."

பிப்ரவரி 14, சனி

இல்லை. இருபத்தாறு தடவை. நான் கேட்காமலே டோமாஷ் எழுதியிருந்தார்: 'ரூத்துக்கு இரட்டை ஷிஃப்ட் போல. அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கேளுங்கள், தப்பில்லை.'

பெரிய மனுஷியை எப்படிப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது?

பிப்ரவரி 16, திங்கள்

எதிர் வீட்டில் ரமலானுக்கு வெள்ளையடிக்கிறார்கள். நம் வீட்டிலும் கஞ்சிப் பாத்திரம் விளக்கியாகிவிட்டது. காலையில் இருந்து ஒரு வேலையும் முழுதாக முடியவில்லை. குழம்பில் புளி ஊற்றியதை மறந்து மறுபடியும் ஊற்றினேன். மதினி ஒரு வாய் வைத்துவிட்டு, "இதுக்கும் ரெண்டு பேரு பாத்து ஒப்பணும்ளா" என்றார்.

பிப்ரவரி 17, செவ்வாய்

மிஷினுக்கு முன் 3.4 கிலோ கூடுதல். எஸ்தர் சிஸ்டர் மச்சானைத் திட்டவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அக்கா, இந்த மாசம் மட்டும் எப்படியாவது புடிச்சு நிறுத்துங்க" என்றார். திட்டியிருக்கலாம்.

மிஷின் முடிந்து வீட்டுக்கு வந்து, லேப்டாப்பை மச்சான் கட்டிலிலேயே வைத்தேன். ரூத்துக்கு எழுதப் போகிறேன் என்றேன். பெயருக்கு முன்னால் '@' என்கிற சுழிக் குறியையும் போட்டேன். அதைப் போட்டால்தான் அவருக்குத் தகவல் போகும். ஒரு வரி எழுதி அழித்தேன். 'தொந்தரவுக்கு மன்னிக்கவும்' என்று தொடங்கி அதையும் அழித்தேன்.

மச்சான் பார்த்துக்கொண்டே இருந்தார். "ஏன் அழிக்கே?"

"மரியாதையா வரல."

"மரியாதை கெடக்கட்டும். நான் யாருன்னு சொல்லு. எவ்வளவு ஏறியிருக்குன்னு சொல்லு. நர்சம்மாவுக்கு அது புரியும்." லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி, "நானும் கேக்கேன்னு எழுது" என்றார்.

அவர் முகத்தைப் பார்த்தேன். சிவப்பு காட்டிவிடுமோ என்று பயப்படுகிற முகமாக இல்லை. காட்டட்டும் என்று இருந்தது.

அனுப்பியதன் நகல், தமிழில்:

"ரூத், நான் ஹலீமா. மனு எண் 1187 என்னுடையது. டோமாஷ் ஒப்பிவிட்டார், சோதனைகள் எல்லாம் தேறிவிட்டன. மாறியிருப்பது மூன்று கோப்பு, நாற்பத்தாறு வரி. இதை என் கணவருக்காக எழுதினேன். அவருக்குச் சிறுநீர் இல்லை. இன்று 3.4 கிலோ கூடுதலாக வந்தார். போன ரமலானில் ஒரே இரவில் 1450 மில்லி குடித்தார், உங்கள் ஆப் இரண்டு பச்சை காட்டியது. நான் சொன்னால் அவர் கேட்கமாட்டார், நீங்கள் இருவர் சொன்னால் கேட்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். நான் எழுதியதில் பிழை இருந்தால் பிழை என்றே சொல்லுங்கள், உடனே திருத்துகிறேன். அவர் என் பக்கத்தில் இருக்கிறார், அவரும் கேட்கிறார். எங்கள் ஊரில் நாளை மாலை ஆறரைக்குப் பிறை பார்ப்பார்கள். அதற்கு முன் பதில் எழுதுங்கள்."